ஆறு புள்ளி ஒன்பது

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
பரிசோதனை அறைக்கு ஒரே சன்னல்.
அதில் எடைமேடை தெரியும்.
எடைமேடையில் ஏகாம்பரத்தின் லோரி.
லோரியில் மூன்று நாள் பழைய செம்பனைக் குலைகள்,
பெர்னாம் ஆறு
பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த மூன்று நாள்.

சந்தேகம் வந்த லோரிக்கு மட்டும் தனிச் சோதனை.
உதிர்ந்த பழங்களைப் பிழிந்து
என் மேசைக்கு வருவது ஐந்து கிராம் எண்ணெய்,
பப்பாளி நிறத்தில், கைச்சூட்டில்.

அடிபடாத பழத்தில்
எண்ணெயும் நொதியும் ஒரே அணுவுக்குள் வாழ்ந்தும்
சந்தித்ததே இல்லை.
நடுவில் சவ்வு.
ஒரு தாளின் தடிமனுக்குள்
இருபதாயிரம் சவ்வுகளை அடுக்கிவிடலாம்.
தைத்த நூல் இல்லை, ஒட்டிய பசை இல்லை.
தண்ணீரைத் தேடும் தலை,
தண்ணீருக்கு அஞ்சும் இரட்டை வால்.
அஞ்சியவை உள்ளே திரும்பி
ஒன்றின் மறைவில் ஒன்று ஒதுங்க,
தலைகள் இரு புறமும் ஈரத்தில் நிற்கும்.
அவ்வளவுதான் மதில்.
அச்சம் இத்தனை ஒழுங்காய் அணிவகுத்து
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மதில் என்றதும் கல்லை நினைக்காதீர்கள்.
நின்ற இடத்தில் அங்கே எதுவும் நிற்பதில்லை.
பசார் மாலாம் கூட்டம்போலத் தோளுரசி
நொடிக்குப் பல லட்சம் முறை
பக்கத்து ஆளோடு இடம் மாறும்.
கூட்டம் மட்டும் கலையாது.
இடையிடையே புரதங்கள்:
ஒன்று தண்ணீரை ஒற்றை வரிசையில் விடும்.
இன்னொன்று கூலி வாங்கிக்கொண்டு
உப்பை மேட்டில் ஏற்றும்.
வேறொன்று,
வெளியே தட்டியது யாரென்று உள்ளே சொல்லும்,
ஆளை உள்ளே விடாமல்.

அந்தச் சவ்வும் கொழுப்புதான்.
எண்ணெயைக் காத்து நின்றது
எண்ணெயின் பங்காளி.

சுப்ரியாதியின் நீளக் கத்தி பட்டு
குலை முப்பதடி விழும்.
லோரியில் எறிபடும்,
அதன் மேல் இன்னொரு குலை.
தோல் அதே சிவப்பில்தான் இருக்கும்.
உள்ளே, கிழிந்த இடத்தில்
நொதி முதன்முறையாக எண்ணெயைக் கண்டது.
பகை ஒன்றுமில்லை, வெட்டுவது அதன் வேலை.
வெட்டியது.
தார்ப்பாய்க்குக் கீழே மழைச்சத்தத்தில் வெட்டியது,
ஏகாம்பரம் ஸ்டீயரிங்கில் தலைசாய்த்துத்
தூங்கியபோதும் வெட்டியது.

பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுகிறது.
ரோஸ் நிறம் வரும். குலுக்கினால் போகும்.
வரும்.
முப்பது விநாடி நின்றால்தான் கணக்கு.

நின்றது.
ஆறு புள்ளி ஒன்பது.
ஐந்தைத் தாண்டினால் கூலியில் பிடித்தம்.

பூட்ஸில் சேறு என்று
அவர் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார்.
"எவ்ளோ வந்துச்சு, தவமணி?"
சொன்னேன்.
"அப்ப ஆத்துக்கு யாரு பிடித்தம் போடுவா?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

நாலு புள்ளி எட்டு என்று எழுத
என் பேனாவுக்கும் தெரியும்.
ஆனால் அந்த எண்ணெய் பெரிய தொட்டிக்குள் போகும்,
நாளைக்குத் தொட்டியே
அந்த எண்ணைச் சொல்லும்.
அப்போது இன்னொரு லோரியைத் தேடுவார்கள்.

ஆறு புள்ளி ஒன்பது என்றே எழுதினேன்.
ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
விரலகலம்.
ஆபீஸில் அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.
எழுத்தைப் பொடியாக்கி நுழைத்தேன்:
பாலம் மூன்று நாள் மூடியிருந்தது.
ஓட்டுநர் தவறில்லை.
இடம் தீர்ந்துபோனது.
கையெழுத்து கட்டத்துக்கு வெளியே விழுந்தது.

கார்பன் நகலை அவரிடம் நீட்டினேன்.
நாலாய் மடித்து
மைகாட் இருந்த பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார்.
லோரி நகர்ந்த இடத்தில் அடுத்த லோரி.

சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
சோப்புக்கும் தலை உண்டு, வால் உண்டு.
சவ்வுக்குள் சொந்தக்காரனாய் நுழைந்து
சவ்வையே கரைத்துவிடும் ஜாதி.
எண்ணெய் போயிற்று.
ஆள்காட்டி விரலில்
கார்பனின் நீலம் மட்டும்
மதியச் சோறுவரை இருந்தது.